பள்ளிக்கூடமும் மாணவர் மனமும்: மலாக்காவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு பட்டணம் சிம்பாங் அம்பாட். நாற்சந்தி என்பதே அப்பெயரின் பொருள். அதற்கு அண்மையில் உள்ள தாபோ நானிங், 1831, 1832ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கும்பெனியாரை எதிர்த்துப் போர் புரிந்த டோல் சாயிட்டின் ஊராகும். நானிங் வட்டாரத்து மலாய் மக்களிடையே தாய்வழிக் குலமுறையான அடாட் பெர்பாத்தே மரபு வேரூன்றியது. குலமும் பூர்விக நிலமும் தாய்வழியே இறங்கும். தான் சே யான் என்னும் சீனப் பெருமகன் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்ப் பயிரைத் தோட்ட அளவில் தொடங்கிய பின்னர், இம்மாநிலத்தின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழர் வந்தனர். கடைத்தெருவில் சீனர் நிலைபெற்றனர். ஆகவே இவ்வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் வகுப்பறையில் அமரும் பிள்ளைகள், வெறும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுபவர் அல்லர். நானிங் மலாய்ப் பிள்ளையின் குலவழக்கு ஜொகூர் மலாய்ப் பிள்ளைக்குப் புதுமையாக இருக்கும். தமிழ்ப் பிள்ளைகளிலேயே திருநீறு பூசுபவரும் உண்டு; சிலுவை அணிபவரும் உண்டு; நோன்பு நோற்பவரும் உண்டு.

இத்தகைய வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, பாட அறிவோடு வேறோர் அறிவும் வேண்டியிருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பிள்ளையின் நெஞ்சில் தைக்கும் என்பதே அவ்வறிவு. இதனை இக்காலத்துப் புதுச்சிக்கல் என்று கருதுவார் பலர். மலாக்காவின் கல்வி வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது.

வில்லியம் மில்ன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1815இல் மலாக்காவுக்கு வந்தார். அவர் முயற்சியால் 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் பள்ளி தொடங்கியபோது மலாக்கா மக்கள் தம் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். பிள்ளைகளைக் கிறித்துவர்களாக்கவே இவ்வேற்பாடு என்று பேச்சு எழுந்தது. இதனை எழுதி வைத்தவர் அதே ஊரில் 1797இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. அவர் இளமையில் தமிழும் கற்றவர். மலாக்கா வணிகரிடையே கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் பயன்பட்ட காலம் அது. ஆங்கிலத்தை மில்னிடமும் பிற பாதிரிமாரிடமும் அவர் கற்றார். அவர்களுக்கு மலாய் கற்பித்தார். விவிலியத்தை மலாயில் பெயர்க்கும் பணியிலும் துணை நின்றார். அவருடைய சொந்த மக்களே அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று எள்ளி நகையாடினர். எனினும் அவர் தம் சமயத்தை விட்டாரல்லர். 1854இல் ஹஜ் பயணம் மேற்கொண்டபோது அரபு நாட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஒரு முஸ்லிம் ஆசிரியர், கிறித்துவ மாணவர், பாடநூலாக அமைந்ததோ சமயநூல். இருசாராரும் தத்தம் நிலை பிறழாது ஒருவரிடம் ஒருவர் கற்றனர் என்பது மெய். ஆனால் அது வயது வந்தோர்க்கிடையே நிகழ்ந்தது. பெற்றோரின் அச்சம் பிள்ளைகளைப் பற்றியது. வயது வந்தவன் தன் நம்பிக்கையைத் தானே காத்துக்கொள்வான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லே வேதம். மலாக்காப் பெற்றோர் கொண்ட தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது.

அவ்வச்சம் மெய்யான நிகழ்ச்சியாகவே வெடித்த இடம் யாழ்ப்பாணம். மலாயாவின் அலுவலகங்களுக்கும் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் மிகுதியாக அனுப்பிய நாடு அது என்பதால், அங்கு நடந்தது இங்கும் கருதத்தக்கது. 1870களின் தொடக்கத்தில், வெஸ்லியன் சபையார் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் திருநீறு அணிந்து வந்த சைவ மாணவர் வெளியேற்றப்பட்டனர். ஆறுமுக நாவலர் அதே சபையாரின் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை செய்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்த அவர், 1872இல் அவ்வூரிலேயே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். திருநீற்றைத் துறக்காமல் ஆங்கிலம் கற்க ஒரு வழி வேண்டும் என்பதே நோக்கம். பொருள் முட்டுப்பாட்டால் நான்கு ஆண்டளவில் அப்பள்ளி நின்றுபோயிற்று. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை. பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது அதன் தொடர்ச்சியாகவே.

நெற்றியில் பூசிய ஒரு சிட்டிகை நீறு, ஒரு கல்வி இயக்கத்தையே தோற்றுவித்தது. அதனை அழித்துவிட்டு வா என்று சொன்ன ஆசிரியர் இத்தனை விளைவை எண்ணியிருக்கமாட்டார். பள்ளி ஒழுங்கு என்ற ஒன்றையே அவர் எண்ணியிருப்பார்.

மலாயாவில் இவ்வாறான பெருமோதல் எழாமைக்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் வேற்றினப் பிள்ளைகளைப் பள்ளியில் சந்திக்கவே இல்லை. தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று தொழிலாளர் சட்டங்கள் பணித்தன. அதன்படி எழுந்த பள்ளிகள் பலவும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் தோட்டத்திற்குள்ளேயே இயங்கின. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. மலாய்ப் பிள்ளை மலாய்ப் பள்ளியிலும் சீனப் பிள்ளை சீனப் பள்ளியிலும் பயின்றனர். மலாக்கா நகரத்தில் 1826இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப்பள்ளி, 1880இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் கல்விக்கூடம் போன்ற ஆங்கிலப் பள்ளிகளில் மட்டுமே இனங்கள் கலந்தன. மோதல் இல்லாமைக்கு இணக்கம் காரணமன்று, பிரிவே காரணம்.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எம்மொழிப் பள்ளியாயினும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் முதன்முறையாக மலாய்ப் பிள்ளையோடும் சீனப் பிள்ளையோடும் ஒரே பலகையில் அமர்ந்தது. 1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பு இதற்கு முன்னரே ஒரு வேலி கட்டியிருந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி, தன் சமயமல்லாத பிற சமயத்தின் போதனையைப் பெறவோ, அதன் சடங்கிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளவோ எவரையும் வற்புறுத்தலாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது காப்பாளர். மில்ன் காலத்துப் பெற்றோர் எதை அஞ்சினரோ அதற்குச் சட்டம் விடை கூறிவிட்டது எனலாம்.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பதினைந்து முஸ்லிம் மாணவர்க்குக் குறையாத பள்ளிகளில் இஸ்லாமிய சமயக் கல்வி அளிக்கவேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது. தொடக்கப்பள்ளிகளில் 1983 முதலாகப் புதிய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஏனைய மாணவர்க்கு நன்னெறிக் கல்வி பாடமாயிற்று. மணி அடித்ததும் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. பிள்ளைகள் இதனை இயல்பாகவே ஏற்றுக்கொண்டுவிட்டனர். பிரிந்து சென்ற தோழன் அடுத்த அறையில் என்ன கற்கிறான் என்பது மட்டும் இவனுக்குத் தெரியாது. இவன் கற்பது அவனுக்கும் தெரியாது.

அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு தமிழ்ப்பள்ளிக்கும் பொருந்தும் என்பது சில வேளைகளில் மறக்கப்படுகிறது. காலைக் கூட்டத்தில் தேவாரம் ஓதுவது பல பள்ளிகளின் மரபு. அது போற்றத்தக்க மரபே. ஆனால் அந்த வரிசையில் அந்தோணியும் நிற்கிறான்; அகமதுவும் நிற்கிறான். தமிழ் என்றால் சைவம் என்று ஆசிரியர் கொண்டால், அவ்விருவரும் தாங்கள் தமிழர்தாமா என்ற ஐயத்தோடு வீடு திரும்புவர். இதற்கு நேர்மாறான சான்று மலாக்காவிலேயே உள்ளது. காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்து வணிகர் வழி வந்தவர்கள், வழிவழியாக இந்துக்கள், வீட்டு மொழியோ மலாய். பெண்டிர் உடையும் சமையலும் மலாய் மரபைத் தழுவியவை. செட்டி வீட்டுப் பிள்ளையைத் தமிழ் அறியாதவன் என்று ஒரு தமிழாசிரியர் குறைகூறினால், 18ஆம் நூற்றாண்டிலேயே பொய்யாத விநாயகர் கோயிலைத் தந்த மரபினரைக் குறைகூறியவர் ஆவார். சமயமும் மொழியும் இனமும் ஒன்றோடொன்று ஒட்டியே வரும் என்ற எண்ணத்தை மலாக்கா ஏற்பதில்லை.

சட்டம் வழிபாட்டைத் தடுக்கலாம்; வற்புறுத்தலைத் தடுக்கலாம். பாடநூலில் அச்சேறிய ஒரு சொல்லை என்ன செய்வது? இவ்வினா 2011ஆம் ஆண்டில் மலேசிய நாட்டையே உலுக்கியது.

அப்துல்லா ஹுசேன் கெடா மாநிலத்தில் 1920இல் பிறந்த மலாய் எழுத்தாளர். 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். விடுதலையின் பத்தாண்டு நிறைவையொட்டி 1967இல் நடந்த நாவல் போட்டிக்கு அவர் எழுதிய ‘இண்டர்லோக்’, ஆறுதல் பரிசு பெற்று, 1971இல் நூலாக வெளிவந்தது. சேமான் என்ற மலாய்க்காரன், சிங் ஹுவாட் என்ற சீனன், மணியம் என்ற இந்தியன் ஆகிய மூவர் குடும்பங்களின் கதை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே தொடங்கும் மூன்று கதைகளும், நான்காம் பகுதியில் பின்னிப் பிணைந்து விடுதலையில் வந்து சேர்கின்றன. மூவினமும் ஒன்றாதல் வேண்டும் என்பதே நூலின் கருத்து. நாற்பதாண்டுக் காலம் அதனைப் பற்றித் தமிழ் மக்கள் எவரும் பெரிதாகப் பேசியதில்லை. படித்தவர் தொகை அவ்வளவு.

அந்நூலின் மாணவர் பதிப்பு, ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாகச் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஆகிய பகுதிகளுக்கு 2011ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்டது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து நெகிரி செம்பிலான் எல்லை தொலைவில் இல்லை. உறவும் தொழிலும் இருபுறமும் கலந்தவை. மணியத்தைப் பற்றிய பகுதியில், இந்நாட்டுக்கு வந்த இந்தியத் தொழிலாளரைப் ‘பறையர்’ என்னும் சாதிப்பெயரால் குறித்திருந்தது, 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டதும் கொதிப்பு எழுந்தது. இந்திய அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. நூலின் படிகள் எரிக்கப்பட்டன. 2011 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடைபெற்ற எதிர்ப்பு ஊர்வலத்தில் பலர் கைதாயினர். சீனரைச் சித்திரித்த முறை பற்றிச் சீன அமைப்புகள் சிலவும் குறைகூறின. நூல் திருத்தங்களுடன் நீடிக்கும் என்று 2011 ஜனவரியில் அரசு அறிவித்தது. திருத்தம் எவ்வளவு என்பதை ஆராயக் குழு அமைந்தது, கருத்தொற்றுமை எட்டவில்லை. ஆண்டு முழுவதும் இழுபறியாய் நின்ற பின், 2011 டிசம்பரில் நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. அரசு பேசியது, கட்சிகள் பேசின, எழுத்தாளர் சங்கங்கள் இருபுறமும் நின்று பேசின. வகுப்பறையில் அந்நூலைக் கையில் ஏந்தி நிற்கவேண்டிய ஆசிரியரின் குரல் மட்டும் அந்த ஆரவாரத்தில் கேட்கவே இல்லை. அவரோ பெரும்பாலும் மலாய் மொழியாசிரியர். அச்சொல் தமிழரை ஏன் சுடுகிறது என்பதை அவருக்கு எவரும் விளக்கியிருக்கமாட்டார். புறநானூற்றுப் பாடல் ஒன்றில் பெருமைக்குரிய பழங்குடிகளுள் ஒன்றாகப் பெயர் பெற்ற மரபு அது. பறை என்னும் இசைக்கருவியோடு இணைந்த பெயர். பிற்காலத்தில் தீண்டாமையின் குறியீடாயிற்று. ஐரோப்பியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருள் ஏற்றது. மலாயாவில் அது தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று. பள்ளித் திடலில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அச்சொல்லால் அழைத்தால், அங்கே சாதி வரலாறு பேசப்படுவதில்லை. நாயோடு ஒப்பிட்டே அழைக்கப்படுகிறது. பாடநூலே அதற்கு இடம் தந்துவிட்டது என்பதுதான் பெற்றோரின் நடுக்கம். அந்நடுக்கம் நியாயமானது.

நியாயமான அந்த எதிர்ப்புக்குள் ஒரு நியாயமற்ற குரலும் கலந்திருந்தது. ‘எங்களை எல்லாம் அச்சாதியென்று எப்படிச் சொல்லலாம்?’ என்று கேட்டவர் உண்டு. வந்தவர் எல்லாரும் ஒரே சாதியினர் என்றது வரலாற்றுப் பிழை. பல சாதியினரும் வந்தனர். ஆயினும் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறியவரில் ஆதிதிராவிடர் கணிசமானோர் என்பது மறுக்கவொண்ணாதது. அவர்கள் வியர்வையிலும் இந்நாட்டு ரப்பர் வளர்ந்தது. தோட்டத்து லயங்களில் சாதி பார்த்து வீடு ஒதுக்கிய காலமும் இருந்தது. 1929இன் இறுதியில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ரா. அக்கொடுமையையே இங்குள்ள தமிழரிடம் எடுத்துரைத்தார். அவ்வாறிருக்க, அக்குலத்தில் பிறந்த மாணவன் ஒருவன் 2011இல் அந்த வகுப்பில் இருந்திருந்தால், நூலின் சொல் அவனை ஒருமுறை சுட்டது; ‘நாங்கள் அவர்கள் அல்லர்’ என்ற சொல் இரண்டாம் முறை சுட்டது. இரண்டாவது சூடு தன் இனத்தாரிடமிருந்தே வந்தது.

நூலில் பிற பிழைகளும் இருந்தன. மணியத்தின் பிறப்பிடம், மொழி, வழக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாமல் மலையாள நாட்டையும் தமிழ்நாட்டையும் குழப்புவதாக அறிஞர் சுட்டிக்காட்டினர். அயலான் ஒரு சமூகத்தை நல்லெண்ணத்தோடு எழுதியும் தவறிழைக்கக் கூடும் என்பதற்கு இது சான்று. நல்லெண்ணம் ஆசிரியருக்கும் போதாது. தீபாவளியன்று வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாட்டிறைச்சி பரிமாறிய விருந்துக்கு இந்துப் பிள்ளையை அழைக்கும் ஆசிரியர் பகைவர் அல்லர், கேட்டறியாதவர். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளையைத் திடலில் ஓடவிடும் ஆசிரியரும் அத்தகையவரே.

நூலை மீட்டுக்கொண்டது சரியா என்பதில் அறிஞர் இருவேறு கருத்தினர். இலக்கியத்தைத் தடுத்தல் ஆகாது என்பது ஒரு சாரார் வாதம். இலக்கியமாக அது நூலகத்தில் இருந்ததை எவரும் தடுக்கவில்லை. தேர்வுக்கெனப் பதினேழு வயதுப் பிள்ளைமீது திணிக்கப்பட்டதே சிக்கல். பிடிக்காத நாவலை வாசகன் மூடி வைக்கலாம். மாணவன் மூட முடியாது. அதில் வினா வரும். இந்த வேறுபாட்டை நோக்க, மீட்டுக்கொண்டதே தக்கது. ஆயினும் நூல் போனபோது, சாதி என்னும் பொருளைப் பலவின வகுப்பில் எவ்வாறு பேசுவது என்ற வினாவும் அதனோடு போய்விட்டது. ஆசிரியர் பலர் பெற்ற பாடம், அதனைப் பேசாதிருப்பதே நலம் என்பது.

பேசாதிருத்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழகத்தில் அண்மைச் சான்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவன், உடன் பயின்ற மாணவராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவற்றை மாணவர் அணியலாகாது என்று பரிந்துரைத்தது. நெற்றிக்குறி என்றதும் சமய உணர்வு புண்பட்டது என்று எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளி அழிக்கச் சொன்னது சமயக்குறி. இங்கே தடுக்க விழைந்தது சாதிக்குறி. ஒரே நெற்றியில் இரண்டும் கலந்து நிற்கும்போது எதனை எதிலிருந்து பிரிப்பது? அரசாணை அதனைச் செய்ய இயலாது. அந்தப் பிள்ளையையும் அவன் வீட்டையும் அறிந்த ஆசிரியருக்கே ஓரளவு இயலும்.

மலாக்கா நகரில் ஒரே தெருவின் நீட்சியில் பொய்யாத விநாயகர் கோயிலும், சீனரின் செங் ஹூன் தெங் கோயிலும், இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளிவாசலும் உள்ளன. சுற்றுலா நூல்கள் இதனை நல்லிணக்கத் தெரு என்று புகழும். சிம்பாங் அம்பாட், அலோர் காஜா வட்டாரத்து மாணவர்க்குக் கல்விச் சுற்றுலா செல்ல அது எளிய இடம். அப்பள்ளிவாசலைக் கட்டியவர் இந்திய முஸ்லிம் வணிகர், ஆண்டு 1748. அதன் பெயர்ப்பலகையில் ‘கம்போங் கிளிங்’ என்று எழுதியிருக்கும். தமிழ் மாணவன் அப்பலகையைப் படிப்பான். அவனருகே நிற்கும் மலாய் மாணவனும் படிப்பான். திடலில் வசையாக வழங்கும் ‘கிளிங்’ என்னும் அச்சொல், கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் வழி வந்தது என்றும், மலாய் இலக்கியங்களில் தென்னிந்தியக் கரையைக் குறித்தது என்றும், அப்பெயரைத் தாங்கியவர் சுல்தானின் துறைமுகத்தில் மதிப்புடன் வணிகம் செய்தனர் என்றும், ரப்பர்த் தோட்டங்களுக்கு வறியவர் வந்தபின் அதே சொல் இழிவாயிற்று என்றும் கூறுவதற்கு ஆசிரியருக்கு அந்தப் பலகையின்முன் கால் மணி நேரம் போதும். மாணவர் இருவரும் அப்போது ஒன்றாகவே நிற்கின்றனர். பிரிக்கும் மணி அங்கே அடிப்பதில்லை.